மூன்று கூழாங்கற்கள்: செப்பு மலையை எதிர்த்து நின்ற தனகா ஷோசோ

1913 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4 ஆம் திகதி, யப்பானின் தொச்சிகி மாகாணத்தில் ஒரு விவசாயியின் வீட்டில் முதியவர் ஒருவர் இறந்துபோனார். ஆறு தடவைகள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். ஊர்த் தலைவர் குடும்பத்தில் பிறந்தவர். இறக்கும்போது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு துணிப்பை மாத்திரமே. எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதி ஒன்று, புதிய ஏற்பாடு, மூன்று நாட்குறிப்பேடுகள், யப்பானிய அரசியலமைப்பையும் மத்தேயு நற்செய்தியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த சிறு புத்தகம், கொஞ்சம் ஆற்றுப்பாசி, மூக்குத் துடைக்கும் கடதாசி, மூன்று கூழாங்கற்கள். அந்தப் பைக்குள் இருந்தவை இவ்வளவுதான்.

அந்த முதியவரின் பெயர் தனகா ஷோசோ. யப்பானில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் அது. நம்மிடையே அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. காணி மீட்புப் போராட்டங்கள் பற்றிச் செய்தி சேகரித்துத் திரிந்த ஆண்டுகளில்தான் நான் அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பந்தல்களின் கீழ் மாதக்கணக்கில் இருந்த அம்மாக்கள், தாங்கள் கொடுத்த மகஜர்களின் பிரதிகளைப் பொலித்தீன் பைகளில் சுற்றி வைத்திருந்து எடுத்துக் காட்டுவார்கள். திகதி வாரியாக அடுக்கியிருப்பார்கள். பதில் வந்ததா என்று கேட்டால் சிரிப்பார்கள். நூறு வருடங்களுக்கு முன்னர் வேறொரு நாட்டில் இதே மாதிரிக் கடதாசிகளைச் சுமந்து திரிந்த மனிதர் ஒருவர் இருந்தார் என்று அறிந்தபோது, அவரை முழுதாகத் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

அவருடைய கதையை விளங்கிக்கொள்ள முதலில் ஒரு மலையை விளங்கிக்கொள்ள வேண்டும்.

மலைக்குள் இருந்தது

தோக்கியோவுக்கு வடக்கே, நிக்கோ மலைகளுக்குப் பின்னால் அஷியோ என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு இருக்கிறது. வத்தராசே ஆறு அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. பள்ளத்தாக்கின் நடுவே பிசென்தத்தே என்ற மலை, 1,272 மீற்றர் உயரம். பழங்காலத்தில் வெடித்த எரிமலை ஒன்றின் சாம்பலும் குழம்பும் இறுகி உண்டான ரயோலைட்டுப் பாறை அந்த மலையின் உடல். அது ஒரு புனல் வடிவில் நிலத்துக்குள் இறங்கி நிற்கிறது. சுற்றிவரக் கிடப்பவை அதைவிட மிகப் பழைய கடலடிப் படிவுப் பாறைகள்.

எரிமலை ஓய்ந்த பின்னும் ஆழத்தில் வெப்பம் ஓயவில்லை. உலோகங்களும் கந்தகமும் கரைந்த சூடான நீர், பாறை வெடிப்புகள் வழியாக மேலெழுந்தது. மேலே வர வர அது குளிர்ந்தது. கரைந்திருந்தவை வெடிப்புகளின் சுவர்களில் படிந்தன. வெள்ளைக் குவார்ட்சுக்கு நடுவே பித்தளை நிறத்தில் மின்னும் பைரைட்டும், அதைவிட ஆழ்ந்த மஞ்சளான கல்கோபைரைட்டும் நிரம்பின. பைரைட்டு என்பது இரும்பும் கந்தகமும். கல்கோபைரைட்டு என்பது செப்பும் இரும்பும் கந்தகமும். இவற்றோடு நாகம், ஈயம், ஆசனிக்கு ஆகியவற்றின் சல்பைட்டுகளும் கலந்திருந்தன. சூடான நீர் பழைய படிவுப் பாறைகளைத் தொட்ட இடங்களில் அந்தப் பாறையையே தின்று, அதன் இடத்தில் பெரும் தாதுக் கட்டிகளை விட்டுச் சென்றது. அஷியோச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் கட்டிகளை ‘கஜிக்கா’ என்று அழைத்தனர்.

சல்பைட்டுத் தாது நிலத்தின் மேற்பரப்பை எட்டும்போது காற்றும் மழையும் அதை விட்டுவைப்பதில்லை. பைரைட்டு துருப்பிடித்துச் செம்பழுப்புத் தொப்பி போலப் பாறைமேல் நிற்கும். உலகெங்கும் பழைய காலத்துத் தேடுனர்கள் தேடியது அந்தத் துரு நிறத்தைத்தான். 1610 ஆம் ஆண்டில் அஷியோ மலையில் அப்படியொரு தாது முகத்தைக் கண்டவர்கள் இரண்டு விவசாயிகள் என்று அந்த ஊர் வரலாறு சொல்கிறது. அவர்கள் பிசென் என்ற பகுதியிலிருந்து வந்தவர்கள். தாது வெளித்தெரியும் முகத்துக்கு அங்கே ‘தத்தே’ என்று பெயர். மலைக்கும் அதுவே பெயராயிற்று.

தோக்குகாவா ஆட்சியாளர்கள் சுரங்கத்தைத் தமதாக்கிக்கொண்டனர். நிக்கோவில் அவர்கள் கட்டிய பெரும் ஆலயத்துக்கும் எதோ கோட்டைக்கும் அஷியோவின் செப்பு போனது. அது யப்பானியச் செப்பு கடல் கடந்த காலம். ஒல்லாந்தர் நாகசாக்கியில் ஏற்றிய செப்புக் கட்டிகளைச் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் இறக்கினார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்ட செப்புக் கட்டி நாணயங்கள் யப்பானியச் செப்பால் ஆனவை.

உளியும் சுத்தியலும் கொண்டு தாது நரம்பைத் தொடர்ந்து போனவர்களால் எல்லையற்ற ஆழத்துக்குப் போக முடியவில்லை. நீர் ஊறியது, காற்று போதவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அஷியோ ஏறக்குறையக் கைவிடப்பட்ட சுரங்கமாகக் கிடந்தது. மலை வற்றிவிட்டது என்றே பலரும் நினைத்தனர்.

ஊர்த் தலைவரின் மகன்

தனகா ஷோசோ 1841 ஆம் ஆண்டின் இறுதியில், அந்த மலையிலிருந்து தெற்கே சமவெளியில் இருக்கும் கொனகா என்ற ஊரில் பிறந்தார். இன்று அது சனோ நகரத்தின் ஒரு பகுதி. தகப்பன் ஊர்த் தலைவர். 17 வயதளவில் மகனும் ஊர்த் தலைவரானார். ஊரை ஆண்ட பிரபுக் குடும்பத்தின் அதிகாரி ஒருவர் வரிகளை ஏற்றிச் சனங்களைக் கசக்கியபோது, இளைஞரான தனகா பல ஊர்களைத் திரட்டி எதிர்த்தார். பலன் சிறை. நிமிர்ந்து நிற்கவோ நீட்டிப் படுக்கவோ முடியாத கூடு ஒன்றில் பத்து மாதங்களும் இருபது நாட்களும் அடைக்கப்பட்டிருந்தார்.

விடுதலையான பின்னர் வடக்கே ஒரு சிறிய அரச உத்தியோகம் கிடைத்தது. அங்கே மேலதிகாரி ஒருவர் கொலையானார். பழி தனகாவின் மேல் விழுந்தது. சித்திரவதைப்பட்டார். மூன்று ஆண்டுகள் சிறையிலிருந்து, 1874 இல் குற்றமற்றவர் என்று விடப்பட்டார். முப்பத்துமூன்று வயதுக்குள் இரண்டு சிறைகள்.

ஊருக்குத் திரும்பி, காணி வாங்கி விற்றதில் அவருக்கு நல்ல இலாபம் கிடைத்தது. அந்தப் பணத்தையும் மிச்ச வாழ்நாளையும் பொதுக் காரியத்துக்கே கொடுப்பது என்று தீர்மானித்துத் தகப்பனிடம் அனுமதி பெற்றார். பத்திரிகை நடத்தினார், மாகாண சபைக்குத் தெரிவானார், பின்னர் அதன் தலைவரானார். 1890 இல் யப்பானில் முதன்முதலாகப் பொதுத் தேர்தல் நடந்தபோது பாராளுமன்றம் சென்றார். அதுவரைக்கும் செப்புச் சுரங்கம் அவருடைய வாழ்க்கையில் பெரிய இடம் பிடித்திருக்கவில்லை.

மலையைத் திறந்தவர்

புருகாவா இச்சிபெய் வறுமையில் பிறந்தவர். சின்ன வயதில் தெருத்தெருவாகச் சோயாக்கட்டி விற்றவர். 1877 இல், வற்றிப்போனது என்று சொல்லப்பட்ட அஷியோவை அவர் வாங்கினார். அந்த ஆண்டுகளில் அங்கிருந்து கிடைத்த செப்பு ஆண்டுக்கு 50 தொன்னைக்கூட எட்டவில்லை. பழைய சுரங்க வழிகளைத் துப்புரவாக்கி, பழையவர்கள் விட்ட இடத்திலிருந்து உள்ளே போகச் சொன்னார். நான்கு ஆண்டுகள் நட்டம். 1881 இல் செழிப்பான ஒரு நரம்பு வெட்டுப்பட்டது. 1884 இல் அதைவிடப் பெரிய நரம்பு வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே உற்பத்தி 4,000 தொன்னைத் தாண்டியது. அஷியோ யப்பானின் மிகப் பெரிய செப்புச் சுரங்கமாயிற்று. பழையவர்கள் தொட்டது மேல்தோலை மாத்திரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1973 இல் சுரங்கம் மூடப்பட்டபோது உள்ளே வெட்டப்பட்டிருந்த வழிகளின் மொத்த நீளம் 1,200 கிலோமீற்றருக்கும் மேல்.

1888 இல் ஜார்டின் மதிசன் என்ற வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்துக்கு ஏறத்தாழ 19,000 தொன் செப்பு கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. உலகம் மின்சாரக் கம்பிகளுக்காகச் செப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. செப்பை விற்று வந்த வெளிநாட்டுப் பணத்தில் யப்பான் ஆயுதமும் இயந்திரமும் வாங்கியது. ஆகையால் சுரங்கம் நாட்டின் பெருமையாகப் பார்க்கப்பட்டது.

இங்கேதான் அந்தத் தாதுவின் இயல்பை நினைக்க வேண்டும். தூய கல்கோபைரைட்டில் செப்பும் கந்தகமும் ஏறக்குறைய ஒரே நிறையில் இருக்கின்றன. ஒரு தொன் செப்பைப் பிரித்தெடுத்தால் ஏறத்தாழ ஒரு தொன் கந்தகம் வெளியேற வேண்டும். உலையில் அது எரிந்து இரண்டு தொன் கந்தகவீரொட்சைட்டு வாயுவாகும். கூடவரும் பைரைட்டையும் கணக்கில் எடுத்தால் இன்னும் அதிகம். அந்த வாயு பள்ளத்தாக்கில் தேங்கி, மழையோடு அமிலமாக இறங்கியது. ஆசனிக்கும் புகையோடு போனது. உலைக் கரிக்கும் சுரங்கத் தூண்களுக்கும் மரம் தறித்து ஏற்கெனவே மொட்டையாகியிருந்த மலைகளில், மிச்சமிருந்த மரங்களும் கருகின. உலைகளுக்கு மேலே இருந்த மட்சுகி என்ற ஊரில் பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை இலை இல்லாமற் போனது. பிறகு பயிர் இல்லாமற் போனது. 20 ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு அந்த ஊரே இல்லாமற் போனது.

வாயு மேலே போனது. கழிவு கீழே போனது. அரைத்த தாதுவின் மிச்சத்தையும் கசடையும் ஆற்றங்கரைகளில் கொட்டினார்கள். அதிலிருந்த பைரைட்டு காற்றும் நீரும் பட்டு அமிலமானது. அமிலம் செப்பைக் கரைத்து ஆற்றில் விட்டது. மரமற்ற மலையிலிருந்து மழை வெள்ளம் தடையின்றி இறங்கி, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு சமவெளி வயல்களில் பரப்பியது. முன்பெல்லாம் வத்தராசே ஆற்றின் வெள்ளம் விவசாயிகளுக்கு வரம். அது கொண்டுவரும் வண்டல்தான் அவர்களின் பசளை. அந்த வண்டலே நஞ்சானது.

கேள்வி கேட்டவர்

1885 இல் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. 1890 ஓகஸ்ட்டில் பெருவெள்ளம். வெள்ளம் வடிந்த வயல்களில் நெல் முளைக்கவில்லை. விவசாயிகள் மண்ணை எடுத்துக்கொண்டு தோக்கியோவின் விவசாயக் கல்லூரிக்குப் போனார்கள். கோசாய் யோஷினாவோ என்ற இளம் அறிஞர் அதைப் பகுப்பாய்வு செய்து, கேடு செப்புச் சேர்மங்களாலேயே வந்தது என்று எழுதிக் கொடுத்தார்.

1891 டிசெம்பரில் தனகா பாராளுமன்றத்தில் எழுந்தார். அரசியலமைப்பு குடிமக்களின் சொத்துரிமையைப் பாதுகாக்கிறது, சுரங்கச் சட்டம் பொதுநலனுக்குக் கேடான சுரங்கத்தின் அனுமதியை நீக்கலாம் என்கிறது, அப்படியிருக்க அரசாங்கம் ஏன் கைகட்டி நிற்கிறது என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் முட்சு முனெமிட்சு. அவருடைய இரண்டாவது மகன் புருகாவாவின் வளர்ப்பு மகன். காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, ஆராய்கிறோம், சுரங்க உரிமையாளரும் இயந்திரங்கள் வாங்கியிருக்கிறார் என்பதாக அமைந்தது அரசின் பதில்.

வெளியே வேறொன்று நடந்தது. அதிகாரிகள் நடுவே நின்று, சிறு தொகை நட்டஈட்டுக்கு விவசாயிகளிடம் கையெழுத்து வாங்கினார்கள். சீனாவுடன் போர் நடந்த 1894–95 காலத்தில், இனி எக்காலத்திலும் முறைப்பாடு செய்வதில்லை என்ற நிரந்தர ஒப்பந்தங்களும் வந்தன. போர்க்காலத்தில் மறுத்துப் பேசியவன் நாட்டுப்பற்று இல்லாதவன் ஆனான். 1896 இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. இம்முறை நஞ்சு தோக்கியோவின் வாசல் வரை போனது. கையெழுத்திட்டவர்களின் வயல்களும் அழிந்தன.

1897 மார்ச்சில் விவசாயிகள் நடைபயணமாகத் தலைநகருக்குப் போனார்கள். பொறுப்பான அமைச்சர் எனமோட்டோ தகெயாக்கி நேரில் வந்து வயல்களைப் பார்த்தார். திரும்பிப் போய் விசாரணைக் குழு ஒன்றை அமைத்துவிட்டுப் பதவி விலகினார். அந்த மே மாதம் சுரங்கத்துக்கு 37 அம்சங்களைக் கொண்ட உத்தரவு பிறந்தது. வடிகட்டும் தொட்டிகள் கட்டு, கசடைத் தேக்கு, புகையைக் கழுவு, குறித்த நாட்களுக்குள் செய்யாவிட்டால் சுரங்கம் மூடப்படும். புருகாவா பெரும் பணம் செலவழித்துக் காலத்துக்குள் முடித்தார். தொட்டிகள் பின்னர் உடைப்பெடுத்தன. புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கோபுரம் சரியாக வேலை செய்யவில்லை. அந்தப் புகை உண்மையில் அடங்கியது புதிய உலை வந்த 1956 இல்தான்.

விவசாயிகளுக்கு ஒரு சலுகை கிடைத்தது. நச்சு வயல்களுக்குக் காணி வரி நீக்கப்பட்டது. அக்காலத்தில் குறித்த தொகை வரி கட்டுபவர்களுக்கே வாக்குரிமை. வரி போனதோடு வாக்கும் போனது. நிவாரணம் என்று கொடுத்ததே சனங்களைப் பாராளுமன்றத்திலிருந்து வெட்டிவிட்டது.

இந்தக் காலத்தில் தனகாவும் ஊர்க்காரர்களும் செய்த ஒரு வேலை என்னை மிகவும் பாதித்தது. அவர்கள் தாங்களே இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். ஊர் ஊராகப் பிறப்பையும் இறப்பையும் பதிந்து, நஞ்சு படாத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 1899 இல் அவர்கள் சொன்ன எண் 1,064. அரசு அந்த எண்ணை ஏற்கவில்லை. ஆனால் இன்று அஷியோவைப் பற்றி எழுதும் எவரும் அந்த எண்ணைத் தவிர்க்க முடியாது. தன்னுடைய இறந்தவர்களைத் தானே எண்ணி வைக்கவேண்டிய நிலைக்கு வந்த சமூகத்துக்கு அந்த வேலையின் பாரம் தெரியும்.

ஆற்றங்கரையில் அடி

1900 பெப்ரவரி 13 ஆம் திகதி, ஆயிரக்கணக்கான விவசாயிகள் மீண்டும் தோக்கியோவை நோக்கி நடந்தனர். ஆற்றைக் கடப்பதற்காகத் தோணிகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கவமத்தா என்ற இடத்தில் பொலிஸார் காத்திருந்து அடித்தனர். 51 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

நான்கு நாட்களின் பின் தனகா பாராளுமன்றத்தில் அவருடைய மிகப் பெயர்பெற்ற கேள்வியைக் கேட்டார். சனங்களைக் கொல்வது நாட்டையே கொல்வது என்பதும், நாடு அழிந்துகொண்டிருப்பதை உணராதிருப்பதே அழிவு என்பதும் அதன் சாரம். பிரதமர் யமகட்டா அரிதோமோ எழுத்தில் அனுப்பிய பதில் மிகச் சுருக்கமானது. கேள்வியின் கருத்து விளங்கவில்லை, ஆகவே பதிலளிக்க முடியாது.

கவமத்தா வழக்கு விசாரணையின்போது, அரச சட்டவாதி பேசிக்கொண்டிருக்கையில் தனகா பெரிதாகக் கொட்டாவி விட்டார். அதற்காக அவர்மீது தனி வழக்கு. 1902 இல் நாற்பது நாட்கள் சிறையில் இருந்தார். அங்கேதான் புதிய ஏற்பாட்டை வாசித்தார். அது கடைசிவரை அவருடைய பையில் கிடந்தது.

அதற்கு முன்னரே, 1901 ஒக்டோபரில், அவர் பாராளுமன்றப் பதவியைத் துறந்துவிட்டார். பத்து ஆண்டுகள் சட்டசபையில் பேசி எதுவும் நடக்கவில்லை. இனி ஒரு வாசல்தான் மிச்சம். அந்த ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி, பாராளுமன்றத் திறப்பு விழா முடிந்து பேரரசர் மெய்ஜியின் வண்டி திரும்பிக்கொண்டிருந்தபோது, மகஜர் ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி அந்த அறுபது வயது மனிதர் கூட்டத்திலிருந்து ஓடினார். மகஜரின் முதற் பிரதியை எழுதிக் கொடுத்தவர் கோதொக்கு ஷூசுய் என்ற இளம் பத்திரிகையாளர். பத்து ஆண்டுகளின் பின் வேறொரு வழக்கில் அரசு அவரைத் தூக்கிலிட்டது. தனகா வண்டியை எட்டுமுன் பிடிபட்டார். பேரரசரின் பாதையை மறித்ததற்குக் கடும் தண்டனை கொடுத்தால் நாடு முழுவதும் காரணம் கேட்கும். ஆகவே புத்தி பேதலித்தவர் என்று சொல்லி அன்றே வெளியில் விட்டார்கள்.

அடுத்த நாள் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பற்றியே எழுதின. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக நஞ்சு வயல்களைப் பார்க்க வந்தனர். அந்த அலையை அரசு அடக்கிய விதம் தந்திரமானது. புதிய விசாரணைக் குழு ஒன்று, இப்போது வயல்களில் இருக்கும் நஞ்சு 1897 க்கு முந்தியது, சுரங்கம் இன்று திருந்திவிட்டது, இனி இருப்பது வெள்ளப் பிரச்சினைதான் என்று முடிவு சொன்னது. வெள்ளத்தைத் தேக்கப் பெரிய நீர்த்தேக்கப் படுகை வேண்டும். படுகைக்கு இடம் வேண்டும். சுரங்கப் பிரச்சினை இப்படித்தான் காணிப் பிரச்சினையானது.

ஊர் ஒன்றை அழித்த விதம்

முதலில் குறிவைக்கப்பட்ட இரண்டு ஊர்கள் சைத்தாமா மாகாணத்தில் இருந்தன. காணியைப் பறித்தால் வரியும் கட்டமாட்டோம், படைக்கும் ஆள் அனுப்பமாட்டோம் என்று அவை தீர்மானம் நிறைவேற்றின. அரசு அங்கே பின்வாங்கியது. அடுத்து யனகா என்ற ஊர். ஆறுகள் கூடும் இடத்தில், சுமார் 450 குடும்பங்களும் 2,700 பேரும் வாழ்ந்த செழிப்பான ஊர்.

1904 இல் யப்பான் ரஷ்யாவுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. யனகாவின் இளைஞர்களும் போர்முனையில் இருந்தார்கள். அந்த டிசெம்பரில் மாகாண சபை இரவில் இரகசிய அமர்வு கூட்டி, ஊரை வாங்குவதற்கான பணத்தை ஒதுக்கியது. வரவுசெலவுத் திட்டத்தில் அது அணைக்கட்டுத் திருத்தச் செலவு என்று எழுதப்பட்டது. உடைந்த அணையைத் திருத்தாமல் விட்டார்கள். ஊர்க்காரர்கள் தாங்களே மண் சுமந்து கட்டிய அணையையும் சட்டவிரோதம் என்று உடைத்தார்கள். வெள்ளம் வந்து வந்து போக, குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்த பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறின.

தனகா அந்த ஆண்டு யூலை மாதமே யனகாவுக்குப் போய்க் குடியிருந்துவிட்டார். 63 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. 1906 யூலை 1 ஆம் திகதி யனகா பக்கத்து நகரசபையோடு இணைக்கப்பட்டுப் பெயரளவிலும் இல்லாமற் போனது. உள்நாட்டு அமைச்சர் அப்போது ஹரா தகாஷி. அமைச்சராகுமுன் புருகாவா நிறுவனத்தின் உபதலைவராக இருந்தவர்.

கடைசியாக 16 வீடுகள் போகமாட்டோம் என்று நின்றன. 1907 யூன் 29 முதல் யூலை 5 வரை, பொலிஸார் புடைசூழ வந்த கூலியாட்கள் அந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தனர். யாரும் கைகலக்கவில்லை. வீடு பிரிக்கப்பட்ட இடத்திலேயே ஓலையும் தடியும் கொண்டு குடிசை போட்டு மழையில் இருந்தார்கள். தாங்கள் அங்கிருந்து எழும்பாதிருப்பதே தங்கள் வழக்கு என்று அவர்கள் கருதினர்.

தனகா அந்தச் சனங்களுக்கு வழிகாட்டப் போனவர். சில ஆண்டுகளில் அவர் தன் நாட்குறிப்புகளில் வேறுவிதமாக எழுதத் தொடங்கினார். தான் இதுவரை சனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவன் போலப் பேசியதையும், அவர்கள் சொல்வதை ஒழுங்காகக் கேட்காததையும் உணர்ந்தார். இனி யனகாவிடம் கற்கப்போவதாகச் சொன்னார். அந்தக் கல்விக்கு ‘யனகாப் படிப்பு’ என்று அவரே பெயரும் வைத்தார். நம்முடைய தலைவர்களின் வரலாறுகளை நிறைய வாசித்திருக்கிறேன். எழுபதை நெருங்கும் வயதில், மூன்று தடவைக்கு மேல் சிறை போய்வந்த அரசியல்வாதி ஒருவர் இப்படித் தன்னை மாணவனாக்கிக்கொண்டதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

வெளியேறியவர்களில் சில குடும்பங்கள் 1911 இல் வட கோடியான ஹொக்கைடோவின் சரோமா பகுதிக்கு அனுப்பப்பட்டன. நல்ல நிலம் என்று சொல்லப்பட்டது. கடும் குளிரும் அடர்ந்த காடுமே இருந்தன. அங்கும் தங்கள் ஊருக்கு ‘தொச்சிகி’ என்றே பெயரிட்டார்கள். திரும்பி வரவேண்டும் என்ற அவர்களின் மகஜர்கள் அடுத்த தலைமுறை வரை தொடர்ந்தன.

ஆற்றை அளந்து நடந்தவர்

1910 இல் கிழக்கு யப்பான் முழுவதும் பெருவெள்ளம். படுகை எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற கணக்கு பிழைத்ததைத் தனகா கண்டார். கிழிந்த உடையும் நீண்ட வெண்தாடியுமாக, ஆறு ஆறாக நடந்து வெள்ளத்தின் உயரத்தை அளந்தார். எந்த வீட்டில் எவ்வளவு உயரத்துக்கு நீர் வந்தது, எந்த அணை எங்கே உடைந்தது, ஆற்றின் வாயை எங்கே யார் ஒடுக்கினார்கள் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். மலையில் மரத்தை வளர்த்து, ஆற்றை அதன் போக்கில் விட்டால் வெள்ளம் அடங்கும் என்பது அவர் கண்ட முடிவு.

1913 ஓகஸ்ட் 2 ஆம் திகதி, அப்படியொரு பயணத்தின் நடுவே தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் விழுந்தார். இரைப்பைப் புற்றுநோய். ஒரு மாதம் அங்கேயே கிடந்தார். தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு அவர் மகிழவில்லை. தனகாமீது இரக்கப்படுகிறார்கள், தனகாவின் வேலையை யாரும் எடுக்கவில்லை என்று வருந்தினார். இறுதிச் சடங்குக்குப் பல்லாயிரம் பேர் வந்தனர். அவருடைய எலும்புகளைத் தங்கள் ஊரில் வைக்கவேண்டும் என்று ஊர்கள் போட்டியிட்டதால், அவை பங்கிடப்பட்டுப் பல இடங்களில் அடக்கம் செய்யப்பட்டன. யனகாவில் எஞ்சியிருந்தவர்களும் சில ஆண்டுகளில் வெளியேற நேர்ந்தது.

அவர் தோற்றாரா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். சுரங்கம் அவர் இறந்த பின் அறுபது ஆண்டுகள் இயங்கியது. 1958 இல் கழிவுத் தேக்கம் ஒன்று இடிந்து மறுபடியும் வயல்களில் பாய்ந்தது. அந்தத் தலைமுறை விவசாயிகள் தனகாவின் காலத்துக் கடதாசிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு வழக்காடினார்கள். 1974 இல் புருகாவா நிறுவனம் தன் பொறுப்பை ஏற்று 155 கோடி யென் நட்டஈடு கொடுக்க இணங்கியது. தனகாவின் முதலாவது கேள்விக்குக் கிடைத்த பதில் என்று அதைச் சொல்லலாம். 83 ஆண்டுகள் கழித்து வந்த பதில். மலையோ இன்னும் முடிக்கவில்லை. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் அதே பழைய கழிவுத் தேக்கம் சரிந்து, ஆற்றில் ஈயம் அனுமதித்த அளவைத் தாண்டியது. பைரைட்டு ஒருமுறை வெளியே எடுத்துப் போடப்பட்டால், அதை எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அமிலத்தை ஊறவிட்டுக்கொண்டிருக்கும். அஷியோவின் மொட்டை மலைகளில் தொண்டர்கள் இன்றும் முதுகில் மண் சுமந்துபோய் மரம் நடுகிறார்கள்.

யனகா இருந்த இடம் இப்போது 33 சதுரக் கிலோமீற்றர் நாணல் வெளி. பறவைகளுக்காகப் பேர்பெற்று, 2012 இல் ராம்சார் ஈரநிலமாகப் பதிவானது. 1970 களில் அங்கே ஏரி ஒன்றை வெட்டத் திட்டமிட்டபோது, ஊரின் மயானமும் கோயில் இருந்த இடமும் அதற்குள் அகப்பட்டன. யனகாச் சனங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புல்டோசர்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பிறந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒரு நாள்கூட வாழாதவர்களும் அவர்களில் இருந்தனர். அரசு வரைபடத்தை மாற்றியது. அதனால்தான் அந்த ஏரியின் கரை ஓரிடத்தில் உள்ளே வளைந்து கிடக்கிறது. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அது இதய வடிவமாகத் தெரியும், உல்லாசப் பயணிகள் அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வளைவுக்குள் யனகாவின் கல்லறைகள் இருக்கின்றன.